குளிர்ப்பெட்டிக்காரரின் வலது கை

விண்மீன்களுக்கு நடுவே திரியும் ஒரு மூலக்கூறு, ரேடியோ தொலைநோக்கி நிலையத்துக் குளிர்ப்பெட்டிக்காரரின் வலது உள்ளங்கையில் குடியேறியது ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்பு. கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த அந்தப் பொருள், பக்கத்தில் எதுவுமே இல்லாத வெட்டவெளியில்தான் பிழைத்திருக்கும். பூமியில் என்றால் கண்மூடித் திறப்பதற்குள் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு வேறொன்றாகிவிடும். அதன் சிக்னல் கிடைத்த குஷியில் எல்லோரும் கைதட்ட, குளிர்ப்பெட்டிக்காரரும் தலைகால் புரியாமல், சிக்னல் வாங்கும் கருவியை உறைய வைத்திருக்கும் பெட்டியைக் குளிர் தணியும் முன்பே திறந்துவிட்டார். "வந்தது சிக்னல்தானப்பா, சரக்கு இல்லையே" என்று தலைமை விஞ்ஞானி தலையைச் சொறிந்தார். அதற்குள் பெட்டிச் சாவியைக் கை விழுங்கியிருந்தது.

அடுத்த வாரம் அது நாற்காலிப் பிடியோடு ஒட்டியது. தச்சர் வந்து அறுத்துவிட்டார். ஒட்டியிருந்த மரத்துண்டு இரண்டு நாளில் சதைக்குள் கரைந்துபோக, கை மறுபடி தேட ஆரம்பித்தது. "உயிருள்ள ஒண்ணைப் பிடிச்சாதான் அடங்கும். பிடிச்சா விடாது" என்றார் டாக்டர், சளிக்கு மருந்து எழுதும் குரலில். தெருநாய் ஒன்றைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார் மச்சான். நாய் என்ன பாவம் செய்தது என்று குளிர்ப்பெட்டிக்காரர் மறுத்துவிட்டார்.

பிறகு ஒன்பது வருஷம் உள்ளங்கையைக் காற்றில் விரித்துப் பிடித்தபடியே நடந்தார். தோள் விட்டுப்போனது. முன்னறையில் தனியாகப் படுத்தார். அவர் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். யார் யாரையோ தொட்டுத் தூக்கித் துடைத்துவிட்டு வருகிறவளுக்கு, வீட்டிலிருந்த ஒரே மனிதரை மட்டும் தொட முடியவில்லை. அந்த ஏக்கம் அவளை அரித்தது. எதிர்ச் சுவரில் சாய்ந்துகொண்டே பேசுவாள். பாதிப் பேச்சில் தூங்கிவிடுவாள்.

ஒருநாள் சாயங்காலம் வீங்கிய காலோடு வந்தவள், தோள்பையைக்கூடக் கழற்றாமல் ஸ்டூலை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"கிட்ட வராத. அப்புறம் பாத்ரூமுக்குக்கூடத் தனியா போக முடியாது."

"தெரியும். தனித்தனியா களைச்சுப் போக இனிமே எனக்குத் தெம்பில்லைங்க."

ஊசி போடும் வலது கையை மடியில் ஒதுக்கி வைத்துக்கொண்டு, இடது கையை அவர் உள்ளங்கையில் வைத்தாள். பிடித்துக்கொண்டது. இருவரும் கொஞ்ச நேரம் அழுதார்கள். அப்படியே சாய்ந்து தூங்கிப்போனார்கள்.

மறுநாள் வார்டில் அவள் ஊசி போட, அவர் இடது கையால் மருந்துத் தட்டை ஏந்தினார். மேட்ரன் நிமிர்ந்து பார்த்து, "அவருக்கும் ஒரு மாஸ்க் குடும்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.