வலது பக்கத்து ஈரம்

பின்லாந்துக்காரர்களான எங்களுக்கு முன்பின் தெரியாதவர்களோடு சௌனா என்னும் நீராவிக் குளியலறையில் அம்மணமாக உட்கார்ந்திருப்பதில் கூச்சம் கிடையாது. ஆனால் ஒருத்தியின் படுக்கை நனைந்திருந்தால் அதைப் பற்றி மூச்சு விட மாட்டோம். கண்டும் காணாமல் இருப்பதுதான் மரியாதை என்று வளர்ந்துவிட்டோம். அந்த மரியாதை என் வீட்டையே என்னிடமிருந்து பறிக்கப் பார்த்தது.

என் பெயர் தைமி. பிள்ளை குட்டி இல்லை. கணவர் போன பிறகு ஏரிக்கரை வீட்டில் தனியாக இருக்கிறேன். போன இலையுதிர் காலத்தில் என் வலது சிறுநீரகத்தில் இருந்த கல்லை முதுகில் துளை போட்டு எடுத்தார்கள். வீடு திரும்பிய கொஞ்ச நாளில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. அடுப்புக்கு விறகு கொண்டு வருவதற்குள் நெஞ்சை அடைத்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு யாருக்கும் தொந்தரவு கொடுப்பானேன் என்று பொறுத்துப் பார்த்தேன். கடைசியில் தபால்காரர் வந்து பார்த்துவிட்டு அவராகவே கூப்பிட்டார்.

வலது நுரையீரலைச் சுற்றி நீர் கட்டியிருந்தது. இதயம் பலவீனம் என்றார் டாக்டர் இலரி. என் வயதில் மூச்சு வாங்கினால் எல்லாரும் முதலில் இதயத்தின் மேல்தான் பழி போடுவார்கள். விலாவில் குழாய் செருகி நீரை இறக்கினார்கள். அதில் கிருமி இல்லை, புற்றும் இல்லை. ஆனால் இறக்க இறக்க ஊறிக்கொண்டே இருந்தது.

காலையில் கண் விழித்தால் விரிப்பு ஈரமாக இருக்கும். மூத்திர வாடை அடிக்கும். நர்ஸ் பிர்யோ ஒன்றும் கேட்க மாட்டாள். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு பழையதை உருவிப் புதியதை விரிப்பாள். விரிப்பின் ஓரத்தை என் தோளுக்கடியில் செருகி மெல்லத் தட்டுவாள். ஒரு நாள் என் மேஜை இழுப்பறையில் பெரியவர்களுக்கான டயாப்பர் பாக்கெட் இருந்தது. யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை. எடுத்துக் கட்டிக்கொண்டேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

பிறகு இலரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தைமி, இனிமே தனியா இருக்கிறது சரியா வராது. முதியோர் இல்லத்துல இடம் இருக்கு. நல்ல இடம். காபி கூட நல்லா இருக்கும்."

"இதயம் சரியில்லாதவங்க எத்தனையோ பேர் தனியாத்தானே இருக்காங்க?"

"இதயம் மட்டும் இல்ல. அந்த... இன்னொரு சங்கடமும் இருக்கே."

"எந்தச் சங்கடம்?"

அவர் வெளியே பார்த்தார். "இன்னைக்குப் பனி கொட்டும் போல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் போனதும் போர்வையை விலக்கி, இத்தனை நாள் கூசிக்கொண்டு செய்யாததைச் செய்தேன். கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். டயாப்பர் உலர்ந்து கிடந்தது. இடுப்புக்குக் கீழே ஒரு சொட்டு ஈரம் இல்லை. நனைந்திருந்தது வலது விலாவில், குழாய் நுழையும் இடத்துக் கட்டு. விரலை முகர்ந்தேன், மூத்திர வாடை. மணி அடித்து இருவரையும் வரவழைத்தேன்.

"நான் படுக்கையை நனைக்கல. ஈரம் எங்க இருக்குன்னு பாருங்க. ஜன்னலைப் பார்க்காதீங்க, இங்க பாருங்க."

பிர்யோவின் காது சிவந்தது. இலரி குனிந்து கட்டைத் தொட்டார்.

"இது நெஞ்சுலேர்ந்து கசியற தண்ணி."

"தெரியும். மோந்து பாருங்க."

மோந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இந்த முறை ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

"கல்லு எடுத்தது எந்தப் பக்கம்?"

"வலது."

"தண்ணி சேர்றதும் வலது பக்கம்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "புத்தகத்துல ஒரு பத்தி படிச்சதோட சரி. நேர்ல பார்த்ததே இல்ல."

அன்றே நெஞ்சு நீரையும் என் ரத்தத்தையும் ஒப்பிட்டார்கள். மூத்திரத்தில் வெளியேற வேண்டிய கிரியேட்டினின், ரத்தத்தைவிட நெஞ்சு நீரில் பல மடங்கு இருந்தது. கல் எடுத்த காயம் ஆறாமல், ஒரு சின்னக் கல் துணுக்கும் மூத்திரக் குழாயை அடைத்துக்கொள்ள, மூத்திரம் போக வழியில்லாமல் மேலே ஏறி நெஞ்சில் தேங்கியிருக்கிறது. துணுக்கை எடுத்து, சிறுநீரகத்திலிருந்து மூத்திரப்பைக்கு மெல்லிய குழாய் ஒன்றை வைத்தார்கள். கீழே வழி திறந்ததும் நெஞ்சு தானாக வற்றியது. இதயத்துக்கு ஒரு கேடும் இல்லை. முதியோர் இல்லப் பேச்சை அப்புறம் யாரும் எடுக்கவில்லை.

கிளம்பும்போது பிர்யோ என் கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் அன்னைக்கே கேட்டிருக்கணும்."

"கேட்டிருந்தா உன் மூஞ்சியிலயே முழிச்சிருக்க மாட்டேன்," என்றேன். அவள் சிரித்துவிட்டாள்.

வீடு குளிர்ந்து கிடந்தது. அடுப்பைப் பற்றவைத்தேன், விறகைச் சுமந்து வந்தும் மூச்சு வாங்கவில்லை. காபி போட்டுக் குடித்தேன். என் வீடு, என் கோப்பை, என் ஏரி. சண்டை போட்டுப் பெற்றது என்று பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் காலை விழித்ததும் பழக்கத்தில் கையை விட்டுத் தடவினேன். விரிப்பு காய்ந்திருந்தது. விரிப்பின் ஓரத்தைத் தோளுக்கடியில் செருகப் பார்த்தேன். படுத்துக்கொண்டு எனக்கு நானே செருக வரவில்லை, கை எட்டவில்லை. கணவர் போன பிறகு என்னைத் தட்டிக்கொடுத்த கை பிர்யோவுடையது ஒன்றுதான் என்று அப்போதுதான் உறைத்தது. உலர்ந்த படுக்கையில் படுத்தபடி அழுதேன். அதைக் கண்டும் காணாமல் இருக்கக்கூட வீட்டில் யாரும் இல்லை.