துடிப்பு நின்ற முட்டைகள்

பரளச்சியில் பஸ்ஸை விட்டு இறங்கினால், கல்லூரிப் பையைக்கூடக் கழற்றாமல் ரேணுகாதேவி நேரே வீட்டுக் கொல்லைப்புறத்துக்குத்தான் போவாள். அங்கே வேப்பமரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி. அவளுடைய அப்பா மருதுபாண்டியின் வயல் வரப்பில் பிடித்த பெண் நண்டு ஒன்று அதற்குள், வயிற்று மடிப்பில் முட்டைகளை அணைத்தபடி கிடந்தது.

அருப்புக்கோட்டையில் விலங்கியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். முட்டைக்குள் நண்டு எப்படி வளர்கிறது என்பதுதான் அவள் ஆய்வு. மூன்று நாளுக்கொரு முறை இடுக்கியால் இரண்டு முட்டைகளை எடுத்து, கல்லூரியில் இரவல் வாங்கிய நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து நோட்டில் வரைவாள். முதலில் முட்டை முழுக்க ஆரஞ்சு நிறக் கருவுணவு மட்டும்தான். பிறகு ஓர் ஓரத்தில் பிறை போல ஒரு தெளிவு. அந்தத் தெளிவில் கால்களின் மொட்டுகள். நான்காவது வாரம் கண்கள் இரண்டு கரும்புள்ளிகளாக விழுந்தன. அவற்றுக்குப் பின்னால் மயிரிழை போல ஏதோ அசைவதைக் கண்டாள். இதயம்!

கடல் நண்டைப் போல வயல் நண்டு பொரிந்த பிறகு நீந்தித் திரிந்து உருமாறுவதில்லை. அந்தப் பருவங்களையெல்லாம் முட்டைக்குள்ளேயே முடித்துக்கொண்டு, குட்டி நண்டாகவே வெளியே வரும்.

அன்று சாப்பிடும்போது சந்தோஷம் தாங்காமல் அப்பாவிடம் சொன்னாள்.

"அப்பா, ஒரு நண்டு மடியில எரநூறு முட்ட இருக்குப்பா. அம்புட்டுலயும் உசுரு துடிக்குது!"

மருதுபாண்டியின் கை சோற்றில் அப்படியே நின்றது. "எரநூறா?"

மூன்று வருடம் காய்ந்து கிடந்த கண்மாயில் இந்தக் கார்த்திகையில்தான் பாதித் தண்ணீர் நின்றது. அதை நம்பி நெல் நட்டிருந்தார். நண்டுகள் வரப்பில் வளை தோண்ட, கட்டிய தண்ணீரெல்லாம் விடிவதற்குள் பக்கத்து வயலில் கிடந்தது.

"முட்ட நண்டு எந்த வளையில கெடக்குன்னு ஒனக்குத் தெரியுமாத்தா?" என்று கேட்டார். மறுநாள் காலை, கல்லூரிக்குக் கிளம்பும் முன் பதினொரு வளைகளைக் காட்டினாள். அவர் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு குச்சியை நட்டார். அவற்றை மிதிக்காமல் இருக்கத்தான் அடையாளம் வைக்கிறார் என்று நினைத்துக்கொண்டு அவள் பஸ் ஏறினாள்.

சாயங்காலம் திரும்பியதும், வயலோரத்து வாய்க்காலில் ஒரு வாளி தண்ணீர் எடுத்து வந்து தொட்டிக்கு மாற்றினாள். அந்த வாய்க்கால் கரையில்தான் மாயக்காளைப் பார்த்தாள். அவர்கள் வயலில் களையெடுக்க வருகிறவள். கலியாணமாகி ஆறு வருடம் கழித்து இப்போதுதான் ஏழு மாதம். கையிலிருந்த துண்டில் நண்டுகளை முடிந்திருந்தாள்.

"சளி நெஞ்சக் கட்டிக்கிருச்சு பாப்பா, ரசம் வைக்கணும். இன்னைக்கி வளைய நோண்டவே வேலையில்ல. தானா வெளிய வந்து மல்லாந்து கெடக்குதுக."

"நல்லா மொளகு போட்டு வையிங்கக்கா" என்று சிரித்துவிட்டு வந்தாள் ரேணுகா.

விடிந்ததும் தொட்டியைப் பார்த்தாள். தாய் நண்டின் கால்கள் துவண்டு கிடந்தன. பதறிப்போய் முட்டைகளை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தாள். கண் இருந்தது. மடித்து வைத்த கால்கள் இருந்தன. இன்னும் ஒரு வாரத்தில் வெளியே வர வேண்டிய உருவம் முழுசாக இருந்தது. துடிப்பு மட்டும் இல்லை. பத்து முட்டைகளைப் பார்த்தாள். பத்திலும் இல்லை.

"வயல்ல என்னப்பா வச்சீக?"

"நெல்லுல பூச்சிக்குப் போடுற குருணை மருந்துதான். வளைக்கு ஒரு கரண்டி. எரநூறு எரநூறாப் பெருகுனா எந்த வரப்புத்தா நிக்கும்? நீ காட்டிவிட்டது நல்லதாப் போச்சு."

அவள் வீட்டை விட்டு ஓடினாள். மாயக்காள் வீடு பூட்டிக் கிடந்தது. விடியக் கருக்கலிலிருந்து வாந்தி, வாயில் நுரை, ஆட்டோவில் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். பின்னாலேயே ஓடிவந்த மருதுபாண்டி, கேட்டதும் வெளிறிப்போய் பைக்கை எடுத்தார். வழியில் தணிந்த குரலில் சொன்னார்: "அங்க வந்து எதையும் ஒளறிராத. போலீசு, கேசுன்னு ஆயிரும்."

ஆஸ்பத்திரியில் டாக்டர், மாயக்காளின் புருசன் சோலையிடம் கேட்டுக்கொண்டிருந்தார். "நண்டு ரசந்தான்யா குடிச்சா. எப்பவும் வைக்கிறதுதான்" என்று அவன் அழுதான். தனக்குச் சளி இல்லையென்று அவன் தொடவில்லை.

மருதுபாண்டி மகளின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். அவள் ஒரு கணம் நின்றாள். பிறகு கையை உதறிக்கொண்டு முன்னே போனாள்.

"டாக்டர், நெல்லுக்குப் போடுற குருணை மருந்து. எங்க வயல்ல எங்க அப்பாதான் நண்டு வளையில வச்சாக. வளையக் காட்டுனது நானு."

டாக்டர் மருந்தின் பெயரைக் கேட்டுக்கொண்டு உள்ளே ஓடினார். அதற்கான ஊசிகள் ஏறின. மறுநாள் மத்தியானம் மாயக்காள் கண் திறந்தாள். வயிற்றில் குழந்தையின் துடிப்பு நின்றுபோயிருந்தது. பெண் குழந்தை. வெள்ளைத் துணியில் சுற்றி சோலையின் கையில் கொடுத்தார்கள்.

எதிரே வந்து நின்ற மருதுபாண்டியைச் சோலை ஏறிட்டுப் பார்த்தான். கோபம்கூட இல்லை அந்த முகத்தில்.

"அண்ணாச்சி, ஒங்க வயல்லதான அவ நித்தம் களையெடுத்தா? மருந்து வச்சிருக்கம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்தப் பக்கமே போயிருக்க மாட்டாளே."

மருதுபாண்டி அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். அன்று சாயங்காலம் அவரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் நடந்ததை எழுதிக் கொடுத்தார். ரேணுகா கூடப் போனாள்.

அந்த வாரம் கண்மாய்த் தண்ணீர் பங்கு பிரிக்க ஊர் கூடியது. சோலை வரவில்லை. தன் முறை வந்ததும் மருதுபாண்டி எழுந்தார். தண்ணீரைப் பற்றி அவர் பேசவில்லை.

"என் வரப்பக் காக்குறேன்னுதான் மருந்த வச்சேன். தண்ணிக்கு வரப்பு கெடயாதுன்னு அப்பத் தெரியல. வெசத்த வைக்கிற எடந்தான் நமக்குத் தெரியும், அது யாரு வயித்துல போயி நிக்கும்னு தெரியாது. இனி யாரும் வளைக்கி மருந்து வைக்காதீகய்யா. வரப்பு ஒடஞ்சா மம்பட்டி எடுத்துக் கட்டிக்கிரலாம். நின்னுபோன உசுர எதைய வச்சுக் கட்டுறது?"