இடமாகச் சுற்றும் கூடம்

செத்த மறுவருஷம் வைகாசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சென்றாயன் தன் மனைவி உண்ணாமலையோடு டேங்கோ ஆட அஸ்தம்பட்டிக்கு வந்தான். பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் அந்த ஜோடி ஆட்ட வகுப்பு நடந்தது. உயிரோடிருந்த காலத்தில் மேளச்சத்தம் கேட்டாலே பந்திக்கு நழுவிவிடுகிற ஆள். ரிக் வண்டியோடு ஆழ்துளைக் கிணறு போடப் போய் வருஷத்தில் பாதிக்கு மேல் வடக்கே கிடந்தவன், அங்கேயே மாரடைப்பில் போய் ஐஸ் பெட்டியில் வீடு வந்து சேர்ந்தான். அவன் வந்ததற்குக் காரணம் சுற்றுதான். டேங்கோ ஜோடிகள் கூடத்தை இடமாகச் சுற்ற வேண்டும், உலகம் முழுக்க அதுதான் முறை. நம் பக்கத்தில் கோயிலை வலமாகச் சுற்றுவார்கள். கொள்ளிக்குடம் சுமப்பவன்தான் இடமாகச் சுற்றுவான். வகுப்பில் பாதிப்பேர் பழக்கதோஷத்தில் வலமாகப் போய் முட்டிக்கொண்டார்கள். பெங்களூரில் ஆட்டம் கற்றுவந்த ஆசிரியை தீபிகா ஒவ்வொருவரையும் தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டாள். திருப்பிய மூன்றாம் வாரம் சென்றாயன் வந்துவிட்டான். அப்படிக் கூப்பிட்டால் வரத்தானே செய்வார்கள்.

மற்றவர்களுக்கு அவன் தெரியவில்லை. உண்ணாமலையின் முதுகில் சேலை ஒரு கை அகலத்துக்கு அமுங்கியிருப்பதை மட்டும் பார்த்தார்கள். காலைப் பார்க்காதீர்கள், நெஞ்சோடு நெஞ்சு வைத்து எதிரில் நிற்பவரின் மூச்சைக் கேளுங்கள், அது போகிற பக்கம் போங்கள் என்று தீபிகா சொல்லிக்கொடுத்தாள். சென்றாயனுக்கு மூச்சு ஏது? உண்ணாமலை இரண்டு பேருக்கும் சேர்த்து மூச்சு விட்டாள். அவன் மிதித்து மிதித்து அவளுடைய கால்நகம் நீலமாயிற்று. பிழைப்புத் தேடிப் பியூனஸ் அயர்ஸ் துறைமுகத்தில் இறங்கிய ஆண்கள், பெண்கள் குறைவான ஊரில், ஒருவரையொருவர் பிடித்துப் பழகிய ஆட்டம் இது என்று தீபிகா ஒருநாள் சொன்னாள். ரிக் கூடாரத்தில் ஆம்பளைகளோடு முடங்கிக் கிடந்தவனுக்கு அது பிடிபட்டிருக்க வேண்டும், அதற்குப்பின் தேறினான். நாலு பேர் முன்னால் மனைவியின் கையைக்கூடத் தொட்டிராதவன், நிதானமாக அணைத்துப் பிடிக்கக் கற்றுக்கொண்டான். ஐம்பது வயதில் உண்ணாமலைக்கு அப்படியொரு சந்தோஷம் வந்தது. ஆனால் ஐப்பசியில் மாடிப்படி ஏற இளைத்தது, மார்கழியில் உதடு கருத்தது. டாக்டர் நெஞ்சில் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்.

மகள் இலக்கியா நாமக்கல்லில் முட்டை ஏற்றுமதி செய்கிற ஆபீசில் வேலை பார்த்தாள். ஊட்டுக்குள்ளேயே உக்காந்து கெடக்காதம்மா என்று தாயை வகுப்பில் சேர்த்துவிட்டதே அவள்தான். ஒரு ஞாயிறு கூடவே வந்தவள், அமுங்கிய சேலையைப் பார்த்ததும் நேரே தீபிகாவிடம் போனாள்.

"ஏனுங்க, இது சுடுகாட்டுச் சுத்துங்க. எங்கம்மாளையும் கூட்டிட்டுப் போயிருமுங்க. வலப்பக்கமா மாத்துங்க" என்றாள்.

தீபிகா மாற்றினாள். ஜோடிகள் வலமாகத் திரும்பியதும் உண்ணாமலையின் முதுகில் சேலை மெல்ல நிமிர்ந்தது. மூச்சு தாராளமாக வந்தது. தூக்கிய கைகளை இறக்காமல் கூடத்தின் நடுவில் நின்று சத்தமில்லாமல் அழுதாள்.

"இப்பத்தான் சாமி உங்கப்பா புடிக்கவே பழகுனாரு."

அப்பா தன்னை ஒருநாளாவது அப்படிப் பிடித்ததாக இலக்கியாவுக்கு ஞாபகமில்லை. அது உறைத்ததும் அம்மாவின் கைகளுக்குள் புகுந்து, "நானும் மூச்சு உடறேம்மா, ஆளுக்குப் பாதி" என்று சொல்லி இடப்பக்கம் காலெடுத்து வைத்தாள். நாலடி போவதற்குள் அவள் முதுகில் ஒரு கை வந்து பதிந்தது, கிணற்றுத் தண்ணீர் மாதிரி குளிர்ந்த கை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அன்றிலிருந்து தாயும் மகளும் பாட்டுக்குப் பாட்டு மாறி ஆடுகிறார்கள். உண்ணாமலையின் உதட்டில் கறுப்பு குறைந்திருக்கிறது, முழுதும் போகவில்லை. தையில் இலக்கியாவைப் பெண் பார்க்கத் திருச்செங்கோட்டிலிருந்து மதியழகன் வீட்டார் வந்தார்கள். கலியாணத்துக்கப்புறமும் ஞாயிறு மத்தியானம் அப்பாவுக்கு மூச்சு விடப் போகணும், சம்மதமா என்று அவள் நேராகவே கேட்டாள். மதியழகன் காப்பி டம்ளரைக் கீழே வைத்தான்.

"மூணு பேரா உட்டா இன்னும் லேசாப் போகுமுங்க" என்றான்.