வல்லூறுக்கு வைத்த மேசை

"இனிமே டின் தட்ட வேணாம், மேடம். பறவைக்குச் சாப்பாடு வைக்கிறத நிப்பாட்டுங்க."

யசோதினி கேட்டேவிட்டாள். லீவு கேள், சம்பளம் கூட்டிக் கேள், அந்தத் தீனி மேசையைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதே என்று தலையில் அடித்துச் சொல்லித்தான் விடுதியில் சமைக்கும் அம்மா வேலாயி அவளை இந்த வேலையில் சேர்த்துவிட்டாள். ஹந்தானை மலைச் சரிவில் இருக்கும் அந்த விடுதிக்கு ஆட்கள் வருவதே மேசைக்காகத்தான்.

தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போய் விலங்கியல் படித்து வந்த முதல் ஆள் அவள். இங்கே காலையில் டின்னைத் தட்டுவாள், பறவைகள் வரும், புழுவும் பப்பாசியும் வைத்து, விருந்தாளிகளுக்கு ஒவ்வொன்றின் பெயரையும் சொல்வாள். "பட்டம் வாங்கி டின் தட்டுறா" என்று லயத்தில் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்றுதான் இருந்தாள், வல்லூறு வரும்வரை.

வல்லூறு புறாவைத் தூக்கிய படத்தை யாரோ போனில் போட்டுவிட, அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாம் அதையே கேட்டார்கள்.

விடுதியின் சொந்தக்காரி மங்களேஸ்வரி மேடம் அரசாங்கக் கச்சேரியில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்துக்காரி. தேநீர்க் கோப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"ஏன் பிள்ளை, வல்லூறு பட்டினி கிடக்கவோ? அதுவும் ஒரு சீவன்தானே. நீதானே படிச்சனி."

"அது தேடிப் புடிச்சுத் தின்னட்டும். நாம கூப்புட்டுக் குடுக்குறோம். ஒளிய இருந்த செம்பருத்தி வேலியையும் வெட்டிட்டீங்க."

"செவ்வரத்தை வேலி மறைச்சால் படம் எப்பிடி எடுக்கிறது?"

"ரெண்டு கிழமை மட்டும், மேடம். கூட்டுப்பெட்டியில குண்டுக்கரிச்சான் அடை காக்குது. ஆண் கரிச்சான முந்தாநாள் வல்லூறு தூக்கிருச்சு. டின் சத்தம் கேட்டா பொட்டையும் எந்திரிச்சு வந்துரும்."

"ரெண்டு கிழமையும் அறை நிறைய ஆக்கள். நான் கரிச்சானிட்டக் கேட்டோ அறை குடுக்கிறது? தட்டு, பிள்ளை. எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கினம்."

"தட்ட மாட்டேன்."

மேடம் குரலை உயர்த்தவில்லை. சமையலறைப் பக்கம் திரும்பி, "வேலாயி!" என்றார்.

அம்மா கையில் துருவிய தேங்காய்ப்பூ ஒட்டியிருக்க ஓடி வந்தாள். மகளின் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். டின்னை எடுத்துக்கொண்டே, "உன் சோத்துப் பையைக்கூடக் காணோம், காலங்காத்தால என்னடி கூத்து இது?" என்று முணுமுணுத்தாள். தட்டினாள்.

யசோதினி புல்தரைக்கு ஓடினாள். இரண்டு கையையும் வீசி, "போ! போ!" என்று கத்தினாள். ஒரு பறவையும் பயப்படவில்லை. இவ்வளவு நாளும் புழு கொடுத்துப் பழக்கியவள் அவள்தானே! பெட்டியிலிருந்து குண்டுக்கரிச்சான் நேரே அவளிடம்தான் வந்தது. மேசை விளிம்பில் உட்கார்ந்து, வாலைத் தூக்கி, வீசுகிற கையில் புழு இருக்கிறதா என்று பார்த்தது.

பலாமரத்திலிருந்து சாம்பல் நிறமாக ஒன்று இறங்கியது. அவ்வளவுதான். மேசையில் இரண்டு இறகு கிடந்தது. கேமராக்கள் படபடத்தன, யாரோ கை தட்டினார்கள்.

"ஒரு நொடியில முடிஞ்சுது. இதுக்குப்போய் அழுகிறாய்" என்றார் மேடம்.

"அழல."

கூட்டுப்பெட்டி தலை உயரத்தில்தான் இருந்தது. விரலை உள்ளே விட்டாள். முட்டைகளில் இன்னும் சூடு இருந்தது. இனி என்ன செய்வது என்று அவள் படித்த எதிலும் இல்லை. விரலை எடுக்கவும் மனம் வரவில்லை. சூடு குறைவது விரலுக்குத் தெரியத் தொடங்கியதும் எடுத்தாள்.

செருப்பை மாட்டினாள். அம்மா டின்னோடு பின்னால் வந்தாள். "எங்கடி போற? மேடம்கிட்ட மன்னிச்சுக்கங்கன்னு ஒரு வார்த்த சொல்லிருடி. நான் எங்க போவேன்?"

"சோத்துப் பையக் காணோம்னியே. மத்தியானம் இங்க இருக்க மாட்டேன்னு தெரிஞ்சுதான் கட்டிட்டு வரல."

"வேலாயி, பின்னேரமும் நீயே தட்டு, என்ன?" என்று மேடத்தின் குரல் கேட்டது.

"சரிங்க மேடம்" என்றாள் அம்மா.

யசோதினி கேட்டைத் தாண்டிவிட்டிருந்தாள்.