நெடி வராத ஏழு மிளகாய்

நோரிஸ் ரோட்டில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும். நான் தேடிப் போவதில்லை. சுவர் அப்படி மெல்லிசு. ஆனால் அறுபத்து மூன்றில், தண்ணீர்க் கட்டுப்பாட்டுக் காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு மருதப்பனின் அடுப்படியில் நடந்ததை நேரிலேயே நின்று பார்த்தேன். அந்தத் திகைப்பு இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை.

மருதப்பன் செம்பவாங் கப்பல் பட்டறையில் ஸ்டோர் கிளார்க். ஞாயிறு வந்தால் மற்ற ஆண்கள் படம் பார்க்கப் போவார்கள். இவர் சுவா சூ காங்குக்கு பஸ் ஏறி, மிளகாய்ச் செடிகளைக் கொடுமைப்படுத்தப் போவார். ஒரு சீனரிடம் வாடகைக்கு எடுத்த துண்டு நிலத்தில் முந்நூறு கன்று நடுவார். உப்புத் தண்ணீர் ஊற்றுவார். அப்புறம் மூன்று வாரம் ஒரு சொட்டுக்கூடக் காட்டமாட்டார். அதற்கும் சாகாததை வாய்க்காலை மடக்கி ஒரு வாரம் மூழ்கடிப்பார். பிழைத்ததன் விதையை எடுத்து, அடுத்த தடவை அதற்கும் அதே தண்டனை. மாமியார்கள்கூட மருமகளை இத்தனை பாடு படுத்தியதில்லை.

உப்பு, வறட்சி, வெள்ளம், மூன்றையும் தாங்குகிற மிளகாய் வேண்டுமாம் அவருக்கு. பண உதவி கேட்டு ஓர் அலுவலகத்துக்கு எழுதினார். மூன்றில் ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள், யோசிக்கிறோம் என்று பதில் வந்தது. அதைக் கோப்பிக்கடையில் எல்லோருக்கும் படித்துக்காட்டி, "மூணும் வரிசையில நின்னா வருது?" என்று கேட்டார். சிரித்தவர்களில், கோப்பி வாங்கப் போயிருந்த இந்த ரத்தினம்மாவும் உண்டு.

நாலு வருஷம் பாடுபட்ட பிறகு அந்தத் தடவைதான் ஒரே ஒரு செடி மூன்றையும் தாங்கி நின்றது. ஏழு பழம் பழுத்தது. அதற்குள் நிலத்துக்காரர், மாதக் கடைசிக்குள் வாடகை பாக்கி வராவிட்டால் செடியைப் பிடுங்கிவிட்டுப் பன்றிக் கொட்டில் போடப்போவதாகச் சொல்லிவிட்டார்.

காது கொடுத்தவர் அப்துல் கஃபார். ரோச்சோர் பக்கம் மிளகாய்க் கிடங்கு வைத்திருந்தவர். மூட்டையை மோந்து பார்த்தே எந்த ஊர்ச் சரக்கு என்று சொல்லுவார். மிளகாயைக் கண்ணால் பார்த்துப் பிடித்திருந்தால் நில வாடகையும் இரண்டு ஆள் கூலியும் மூன்று வருஷத்துக்குத் தருகிறேன் என்றார். அந்த ஞாயிறு சாயங்காலம் வருவதாக ஏற்பாடு.

இதையெல்லாம் மருதப்பன் பஸ் கண்டக்டர் வரைக்கும் சொன்னார். பெண்டாட்டி கண்மணியிடம் மட்டும், "ஒரு முதலாளி வர்றார், விதையைத் தொடாதே" என்றதோடு சரி. விதை என்றால் அலமாரியில் போத்தல் போத்தலாக இருப்பதுதான் என்று அவள் நினைத்திருந்தாள். அடுப்புக்கு மேலே தகர மூடியில் காய்ந்துகொண்டிருந்த ஏழும் அவளுக்கு வெறும் மிளகாய். காலையில் வாளி கேட்கப் போன நான்கூட, பவளம் மாதிரி மின்னுதே என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

சாயங்காலம் மருதப்பன் புதுச் சட்டை போட்டு வாசலில் இறங்கியவர், கால் தடுக்கி நகம் பெயர்ந்து உள்ளே வந்தார். கண்மணி பதறிவிட்டாள். முதலாளி வரும் நேரத்தில் ரத்தமா என்று அவரை உட்காரவைத்து, கைப்பிடிக்குள் உப்பும் மிளகாயும் தெருமண்ணும் வைத்துத் தலையைச் சுற்றினாள். மூடிய கைக்குள் இருப்பதை யார் பார்ப்பார்கள்? அவர் எரிச்சலோடு மூன்று முறை துப்பிவிட்டு எழுந்தார். கஃபார் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

வாளியைத் திருப்பிக் கொடுக்கப் போன நான் கண்மணியோடு அடுப்படியில் இருந்தேன். அவள் கையில் இருந்ததைக் கரி அடுப்பில் போட்டாள். உப்பு வெடித்தது. மிளகாய் கருகிச் சாம்பலானது. நெடி வரவில்லை. ஒரு தும்மல் இல்லை, இருமல் இல்லை. கண் பட்டிருந்தால் நெடி வராது என்பது எங்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கண்மணி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

கூடத்தில் கஃபார், காரம் எப்படி என்று கேட்டது காதில் விழுந்தது. இருப்பதே ஏழு, கடித்துப் பார்க்க மனசு வரவில்லை என்றார் மருதப்பன். ஒன்றைக் கிள்ளிப் பார்க்கலாமே என்றார் அவர். மருதப்பன் உள்ளே வந்து தகர மூடியைப் பார்த்தார். காலி. எங்களைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார்.

அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து, இடுக்கியால் சாம்பலைக் கிளறினார். ஒரு விதைகூட அகப்படவில்லை. விஷயம் புரிந்ததும் கண்மணிக்கு வாய் திறந்தபடியே நின்றுவிட்டது.

கஃபார் அடுப்படி வாசற்படியில் வந்து நின்றார். நடந்ததைக் கேட்டார். மூக்கை ஒரு தடவை உறிஞ்சினார்.

"ஏழும் இப்ப, இந்த அடுப்புலயா?"

ஆமாம் என்று தலையாட்டினோம்.

"என் கிடங்குல ஒண்ணு கருகினா நாலு பேரு ரோட்டுக்கு ஓடுவான். நான் பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்தேன், தம்பி. மூக்கு சும்மா இருந்துச்சு. செடி எல்லாத்தையும் தாங்கியிருக்கு, காரத்தை விட்டுட்டு."

மருதப்பனின் முகத்தில் ரத்தமே இல்லை. விதை போனது ஓர் அடி. நாலு வருஷம் வெறும் புல்லை வளர்த்தோமா என்பது அதைவிடப் பெரிய அடி.

கண்மணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னே வந்தாள். "காரமெல்லாம் இருக்கு முதலாளி. கண்ணு பட்டதாலதான் நெடி வரல." அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "ரத்தினம்மாக்கா, காலையில நீங்க பார்த்தீங்கதானே? சொல்லுங்க."

மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். கொள்ளிக்கண் என்று பெயர் வாங்கினால் இந்தத் தெருவில் அப்புறம் யார் வீட்டிலும் எனக்குக் கதவு திறக்காது. என் பிழைப்பே அந்தக் கதவுகள்தான். என் கண்ணில் ஒரு குற்றமும் இல்லை என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்திருப்பேன். ஆனால் கீழே அந்த மனிதர் இடுக்கியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"என் கண்ணுதான்," என்றேன்.

கஃபார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "எங்க உம்மாவும் கண்ணூறு கழிப்பா. ஆனா தன் கண்ணுதான்னு ஒத்துக்கிட்ட ஆளை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்," என்றார். பாக்கியையும் அடுத்த மூன்று மாத வாடகையையும் தானே கட்டுவதாகவும், அடுத்த காய் வரட்டும், மிச்சத்தைத் தன் நாக்கு சொல்லும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாளே தெருவுக்குத் தெரிந்துவிட்டது. என்னைக் கண்டால் பிள்ளைகளை இடுப்பில் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். சாப்பிடுகிறவர்கள் தட்டை மூடினார்கள். பொய் சொன்னதற்குக் கூலி என்று பொறுத்துக்கொண்டேன்.

மூன்றாம் மாதம் அதே செடியில் ஐந்து காய். கஃபார் வந்தார். என்னைக் கூப்பிடவில்லை, சுவர்தான் துணை. கடிக்கும் சத்தம் கேட்டது. திடீரென்று நாற்காலி சாய்ந்தது. இருமல், தும்மல், தண்ணீர் கேட்டுத் திக்கும் குரல். அது அடங்கியதும், கரகரத்த தொண்டையோடு, மூன்று வருஷத்துக்கும் தருகிறேன் என்று அவர் சொன்னது தெளிவாக விழுந்தது.

நான் சுவரிலிருந்து காதை எடுத்தேன். மிளகாயில் இவ்வளவு காரம் இருக்கிறதென்றால், அன்றைக்கு ஏழு மிளகாயின் நெடி எங்கே போயிற்று?

கண்மணி மிச்ச நாலையும் துணியில் மூடி எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். "உங்களாலதான் அக்கா. பாருங்க," என்று துணியை விலக்கப் போனாள்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். விதையை எடுத்து முடிக்கட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பிவைத்தேன்.