நாற்பத்தொன்றாம் எண் முழங்கால்

மருத்துவர் காயாரோகணத்தை எங்கள் ஊரில் எவருக்கும் பிடிக்காது, எனக்கும் பிடிக்காது. நாகப்பட்டினத்தில் பிறந்து, தஞ்சாவூரில் மருத்துவம் பயின்று, அடிபட்ட மூட்டு ஏன் விரைவில் தேய்கிறது என்பதையே தம் ஆராய்ச்சியாகக் கொண்டவர் அவர். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் மாயூரத்துக்குக் கிழக்கேயுள்ள எங்கள் ஊருக்கு வந்து, மிராசுதார் துரைராசுவின் அரிசி ஆலைக் களத்தில் மேசை போட்டு உட்காருவார். நடவாட்களின் முழங்கால்களை மடக்குவார், நீட்டுவார், வீக்கத்தை அளப்பார், பதிவேட்டில் எழுதுவார். மருந்து கேட்டால் ஓய்வெடுக்கச் சொல்லி எரிந்து விழுவார்.

"சேத்துல இறங்கினியா?" என்பதே அவருடைய முதற்கேள்வி. அடிக்க வருபவர்போல் கேட்பார்.

"இல்லீங்க ஐயா" என்பதே அனைவருடைய விடையும்.

பக்கிரியும் அப்படியே சொல்லிவந்தார். துரைராசுவிடம் ஆறு மா நிலத்தைக் குத்தகைக்கு உழுதவர் பக்கிரி. மதகடியில் நாற்றுக்கட்டுடன் வழுக்கி விழுந்ததில் அவருடைய வலது முழங்காலின் சவ்வு கிழிந்துவிட்டது. இரண்டு ஆண்டுகள் சேற்றில் கால் வைக்கக் கூடாது என்று மருத்துவர் ஆணையிட்டார். பக்கிரியோ மனைவியை இழந்தவர், பிள்ளையற்றவர். அவர் இறங்காவிட்டால் அந்த நிலத்தில் வேறு யார் இறங்குவது? நாள்தோறும் வயலுக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வாய்க்காலில் காலைத் தேய்த்துக் கழுவிவிட்டுக் களத்துக்கு வந்தார். முழங்காலும் தேறியது.

ஓய்வினாலேயே தேறியது என்று மருத்துவர் ஆங்கிலத்தில் கட்டுரை எழுதினார். 'நாற்பத்தொன்றாம் நோயாளி, சாகுபடியை அறவே விட்டவர்' என்ற குறிப்புடன் பக்கிரியின் படம், முகம் தெரியும்படி அச்சாகியிருந்தது. அக்கட்டுரையைப் பார்த்தே மருத்துவரை மேற்படிப்புக்கு வெளிநாட்டுக்கு அனுப்பவிருந்தார்கள். களம் கொடுத்ததற்கு நன்றியாக ஒரு பிரதியைத் துரைராசுவுக்கும் கொடுத்தார் அந்த அறிவாளி.

அப்போது குத்தகைதாரர்களின் பெயர்களை அரசு பதிவு செய்துகொண்டிருந்தது. பதிவானவரை எளிதில் வெளியேற்ற முடியாது. ஆனால் தாமோ தம் குடும்பத்தாரோ நிலத்தில் உடலுழைப்புச் செலுத்தினால்தான் ஒருவர் குத்தகைதாரர். பக்கிரியைப் பதியக் கூடாது என்று துரைராசு தடைமனு கொடுத்தார். ஆட்சி மாறிய மறுமாதமே தம் வேட்டியின் கரையையும் மாற்றிக்கொண்டு, உழுபவனுக்கே நிலம் என்று மேடைதோறும் முழங்கிய வாய் அது!

பக்கிரியின் மனுவை எழுதிக் கொடுத்தவன் ஊர்ப் பள்ளி வாத்தியாரான நான். ஆகவே, 1972 ஐப்பசியில் மாயூரத்தில் தாசில்தார் முன் விசாரணை நடந்தபோது நானும் போயிருந்தேன். நடவாட்களின் தலைவி காத்தாயியும் நான்கு பெண்களும் வாசற்படியில் நின்றார்கள். துரைராசுவின் சாட்சியாக மருத்துவர் வந்திருந்தார்.

"எழுதினதை எழுதினபடி சொன்னாப் போதும் டாக்டர். களம் எப்பவும் உங்களுக்குத்தான்" என்று துரைராசு அவர் தோளைத் தட்டினார். மருத்துவர் அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

துரைராசுவின் வக்கீல் கட்டுரையை உரக்கப் படித்து, படத்தைத் தாசில்தாரிடம் காட்டிவிட்டுப் பக்கிரியிடம் திரும்பினார்.

"இது நீதானேப்பா?"

"நான்தாங்க. ஆனா வேலைக்குப் போவலைன்னு டாக்டர் ஐயாகிட்ட சொன்னது பொய்யிங்க."

"அங்க பொய், இங்க மட்டும் நிசமா?"

வாசலிலிருந்து காத்தாயி குரல் கொடுத்தாள்: "நாங்க அத்தனை பேருந்தான் பொய் சொன்னோம்! இறங்கினோம்னு சொன்னா மனுசன் கடிச்சுக் குதறிடுவாரே! அவருக்குப் பயந்தே நாங்க காலு கழுவுனோம்."

தாசில்தாரே சிரித்துவிட்டார். மருத்துவர் சிரிக்கவில்லை. அவருடைய காதுமடல் சிவந்தது. பதிவேட்டிலுள்ள அறுபது பேரின் விடையும் பொய் என்பது அந்தக் கணத்தில்தான் அவருக்கு உறைத்தது.

"வேட்டிய மடிச்சுக் கட்டு" என்று பக்கிரியை அதட்டினார். பையிலிருந்து அளவுநாடாவை எடுத்து, முழங்காலுக்கு மேலே இரண்டு தொடைகளையும் சுற்றி அளந்தார். மீண்டும் அளந்தார்.

"ரெண்டும் ஒரே அளவு. ரெண்டு வருசம் வேலை செய்யாத காலா இருந்தா இந்தத் தசை சூம்பிப் போயிருக்கும். இந்த ஆள் வேலையை விட்டதே இல்லை."

வக்கீல் திகைத்தார். "அப்போ உங்க கட்டுரை?"

"தப்பு."

"எந்த வரி சார்?"

"முழுசும். வீக்கத்தை அளந்தேன், தொடையை அளக்கலை. முட்டாள்தனம். எழுதிக்குங்க."

துரைராசு எழுந்தார். "கடக்கரைப் புத்திய காட்டிட்டீரே! இனிமே என் களத்துல கால வைக்கக் கூடாது."

"நல்லது. நெல்லாவது ஒழுங்காக் காயட்டும்."

பக்கிரியின் பெயரைப் பதிவு செய்யுமாறு தாசில்தார் அப்போதே ஆணையிட்டார். வெளிநாட்டுப் பயணம் போயிற்று என்பதை மருத்துவர் முகத்தைப் பார்த்தே அறிந்தேன். பயிற்சியால் வலுப்பெற்ற தசையே அடிபட்ட மூட்டைக் காக்கும் என்று பின்னாளில் இருபதாண்டுகள் உழைத்து நிறுவியவர் அவர்தாம். அன்று அலுவலக வாசல் வேப்பமரத்தடியில், கும்பிட வந்த பக்கிரியைக் கடித்துத் துப்பினார்.

"கும்பிடாதே! உன்னால என் ரெண்டு வருசம் குப்பையாச்சு. ஒரு நாள் உண்மையச் சொல்லியிருந்தா, வேலையாலதான் முட்டி தேறுதுன்னு அன்னைக்கே கண்டுபிடிச்சிருப்பேன்."

"சொல்றமாதிரியா கேட்டீங்க?" என்றார் பக்கிரி. கும்பிட்ட கையை இறக்கிவிட்டார். "என் பேரை அடிச்சிடுங்க."

"என்னது?"

"அந்த நோட்டுல என் பேரு வேணாம். என்னைக் கேக்காமப் படம் போட்டீங்க. கேக்காம மிராசுதாருக்குக் கொடுத்தீங்க. ஆறு மாவும் போயிருக்கும். நாளைக்கு வேற எவன் கையில கிடைக்குமோ?"

"பத்து வருசம் உன் முட்டியைப் பார்க்கணும்யா. இருக்கிறதிலேயே அதுதான் எனக்கு முக்கியம்." அவர் கெஞ்சி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். அதையும் அதட்டலாகவே கெஞ்சினார்.

"எனக்கு நிலம் முக்கியங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் பரிந்து பேசுவேன் என்று எண்ணினார்போலும். ஒருவர் முகத்தை அவரைக் கேளாமல் ஊருக்குக் காட்டியவருக்காக நான் ஏன் பேச வேண்டும்? மருத்துவர் பையிலிருந்த பதிவேட்டைப் பிரித்து, நாற்பத்தொன்றாம் பக்கத்தைக் கிழித்துப் பக்கிரியிடம் நீட்டினார்.

பக்கிரி அதை வாங்கி என்னிடம் கொடுத்தார். "என் பேருதானான்னு பாத்துச் சொல்லுங்க, வாத்தியாரே. இவரை நம்ப முடியாது."

பார்த்தேன். அவர் பெயர்தான்; தேதிவாரியாக வீக்கத்தின் அளவுகளும், ஒவ்வொன்றின் எதிரிலும் 'சேற்றில் இறங்கவில்லை' என்ற குறிப்பும் இருந்தன. ஆமென்று தலையசைத்தேன். பக்கிரி தாளைத் திரும்ப வாங்கி, நான்காக மடித்து மடியில் செருகிக்கொண்டு, காத்தாயியையும் மற்றவர்களையும் கூப்பிட்டார். இரண்டு மா நடவு பாக்கியிருந்தது, பேருந்துக்கு விரைந்தார்கள்.