குழாயில் ஏறிய நீலம்

சைலன்சர் குழாயைப் பார்த்தே வண்டி ஓட்டுகிறவனின் ஜாதகத்தைச் சொல்லிவிடுவேன் என்று மெக்கானிக்குக்கு ஒரு கர்வம் உண்டு. பெரும்பாலும் அது பலித்தும் தொலைக்கும். வினையே அதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, தங்கை வீட்டு வாசலில் மாப்பிள்ளையின் பைக்கைப் பார்த்ததும் அவருக்குப் பகீர் என்றது. என்ஜினிலிருந்து குழாய் இறங்கும் வளைவில் இரண்டு விரல் அகலத்துக்கு நீலம். ஓரத்தில் பழுப்பு. போன ஞாயிறுதான் இதே வாசலில் உட்கார்ந்து கிரீம் போட்டுத் தேய்த்து, முகம் பார்க்கிற மாதிரி ஆக்கிக் கொடுத்திருந்தார். சூடு மிஞ்சாமல் நீலம் ஏறாது. காற்று எங்கேயாவது ஒழுகுகிறதா, பெட்ரோல் குறைவாகப் போகிறதா என்று அன்றைக்கே அலசிவிட்டார். எல்லாம் கச்சிதம். அப்புறம் மிச்சம் என்ன? வேகம்தான்.

மூன்று மாதத்துக்கு முன்னால் இதே வண்டி ஒரு திருப்பத்தில் சறுக்கி விழுந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த தங்கை மகளுக்குக் கால் முறிந்தது. ஆறு வயசுக் குழந்தை. ஆஸ்பத்திரி வராந்தாவில் மெக்கானிக் போட்ட சத்தத்தில் நர்ஸ் ஓடி வந்தாள். "பெத்த புள்ளைய பின்னால வச்சுக்கிட்டுப் பறந்தீங்களா மாப்ள?" இனி நாற்பதைத் தாண்ட மாட்டேன் என்று சத்தியம் வாங்கிய பிறகுதான் அடங்கினார்.

"உன் வீட்டுக்காரர் ஆட்டத்தை மறுபடி ஆரம்பிச்சுட்டாரு," என்றார் தங்கையிடம்.

அவள் முகம் செத்துவிட்டது. "தினமும் லேட்டாத்தாண்ணா வராரு. கேட்டா வாயே திறக்கறதில்ல."

"துணிமணிய எடுத்து வை. புள்ளையக் கூட்டிக்கிட்டு நம்ம வீட்டுக்கு வந்துடு. நாய் வாலை நிமிர்த்த முடியாதும்மா."

அவள் அழுதுகொண்டே பையை எடுத்தாள். கடைக்குப் போயிருந்த மாப்பிள்ளை பால் பாக்கெட்டோடு உள்ளே வந்தார். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் கணக்கெடுக்கிற வேலை அவருக்கு. மெக்கானிக் பிடித்த பிடியில் ஆளை உரித்துத் தொங்கவிட்டார். குழந்தை கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தது. மாப்பிள்ளை மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. சாவியைக் கேட்டதும் எடுத்துக் கொடுத்துவிட்டார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்காமல் என்ன செய்யும் என்று நினைத்துக்கொண்டார் மெக்கானிக்.

வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். எந்த வண்டியில் கை வைத்தாலும் ஓடிய கிலோமீட்டரைப் பார்த்துக் குறித்துவைப்பது அவர் வழக்கம். நோட்டைப் பிரித்தார். போன ஞாயிறு குறித்ததற்கும் இன்றைக்கும் இருபது கிலோமீட்டர்தான் வித்தியாசம். அதிலும் இரண்டு, இப்போது அவரே ஓட்டியது.

ஆறு நாளில் பதினெட்டு. மாப்பிள்ளையின் ஆபீஸ் வீட்டிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர். போக வர மூன்று. கணக்கு அதோடு தீர்ந்துவிட்டது. ஒன்றரைக் கிலோமீட்டரில் எவன் குழாயை நீலமாக்குவான்?

நின்ற இடத்திலேயே என்ஜினை ஓடவிட்டால் ஆகும். காற்றுப் படாமல் குழாய் வெந்துவிடும். வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் அவர் சொல்லுகிற புத்திமதிதான் அது. சொந்த வீட்டு விஷயத்தில் மறந்துபோனது. பட்டறையைத் திறந்துபோட்டது போட்டபடி திரும்பி ஓடினார்.

தங்கை பையை மூடிவிட்டாள். மாப்பிள்ளை அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார்.

"மாப்ள, வண்டிய எங்க நிறுத்தி வச்சு ஓடவிடறீங்க?"

அவர் அடுப்பை அணைத்தார். "ஆபீஸ் பின்னால, தண்ணித் தொட்டிகிட்ட. காலைல அரை மணி, சாயங்காலம் அரை மணி. ஸ்டார்ட் பண்ணி உக்காருவேன். கியர் போட்டு கிளட்சை விடப்போனா பாப்பா கத்தின சத்தம் கேக்குது மச்சான். கால் தரையை விட்டு எழும்ப மாட்டேங்குது."

"அப்ப வேலைக்கு?"

"நடந்துதான். அதான் லேட்டாகுது. ஆபீஸுக்கு வண்டியத் தள்ளிக்கிட்டுப் போறேன், தள்ளிக்கிட்டு வர்றேன்."

பாப்பா தூக்கம் கெடக்கூடாதென்று தெருமுனை வரைக்கும்தான் தள்ளுகிறார் என்று தங்கை நினைத்திருந்தாள். அவள் கை பையிலிருந்து நழுவியது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாப்ள!"

"ஆஸ்பத்திரியில சொல்ல வந்தேன் மச்சான். முப்பதுலதான் போனேன், திருப்பத்துல மணல் கொட்டியிருந்துச்சுன்னு. நீங்க விடல. நீங்க வண்டியப் பார்த்தே சொல்றவரு. நீங்களே வேகம்னு சொன்னதும் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. நெஜமாவே பறந்தேனோ? பாப்பா காலை நான்தான் ஒடிச்சேனோ? மூணு மாசமா அதத்தான் யோசிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்."

தப்புதான் மாப்ள என்று சொல்ல மெக்கானிக் வாயெடுத்தார். அதற்குள் தங்கை குறுக்கே வந்து, புருஷன் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"போதும்ணா," என்றாள். "இனிமே இவரு பேசட்டும். நீ கிளம்பு."